ஆறு மாதம் ஊரில் இல்லை: கார் பேட்டரியை எப்படி விட்டுப் போவது?

மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போகிற அப்பா அம்மா ஆறு மாதம் கழித்துத்தான் வருவார்கள். தூத்துக்குடிக் கப்பல்காரருக்கு ஒப்பந்தம் முடிய நாலு மாதமும் ஆகலாம், ஒன்பது மாதமும் ஆகலாம். துபாயில் வேலை பார்ப்பவர் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறார். இவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு கார் கவர் போட்டு நிற்கிறது. வந்து இறங்கிய மறுநாள் கோயிலுக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. சில கார்களில் அந்தச் சத்தம்கூட வராது. ரிமோட்டை அமுக்கினால் கதவே திறக்காது.

கிளம்பும் முன் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள் என்பார் பக்கத்து ஃபிளாட்காரர். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி விடுங்கள் என்பார் மெக்கானிக். யூடியூப் பார்க்கிற மருமகன் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கச் சொல்வார். வெட்டவெளியில் கார் நிறுத்துகிறவருக்கு சோலார் பேனல் ஆசை. ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து இன்னொரு கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்துக்கொள்ளலாம் என்பவரும் உண்டு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு, பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போனாலே போதும். மூன்று மாதத்தைத் தாண்டும் என்றால் நடுவில் ஒருமுறை யாராவது சார்ஜ் போட வேண்டும். பலரும் செய்கிற வாட்ச்மேன் வழிதான் ஐந்திலும் மட்டமானது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிற்கிற காரில் கரண்ட் எங்கே போகிறது

காரைப் பூட்டிய பிறகும் உள்ளே சில சாமான்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கும். ரிமோட் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், ஸ்டீரியோ, எஞ்சின் கம்ப்யூட்டர். எல்லாம் சேர்ந்து இழுப்பது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். கேட்டால் அற்பமாகத் தோன்றும். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம்: ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஏ.எச்., அதாவது 35 ஆம்பியர்-மணி, பேட்டரி. மூன்றரை வாரத்தில் பாதி, ஏழு வாரத்தில் மொத்தமும் காலி. செல்ஃப் எடுக்காமல் போவதற்கு மொத்தமும் காலியாக வேண்டியதில்லை. கொஞ்சம் வயதான பேட்டரி பாதியிலேயே திணற ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, சிட்டி டிராஃபிக்கில் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய கார் முழுச் சார்ஜில் நிற்பதே அபூர்வம். கார் வாங்கிய பிறகு நாமே மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ்கேம் இருந்தால் கதையே வேறு. கார் நிற்கும்போதும் படம் பிடிக்கிற டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் 35 ஏ.எச். பேட்டரிக்கு ஆறு நாள்தான் ஆயுசு.

இது முதல் ஓட்டை. இதை அடைக்க முடியும். இரண்டாவது ஓட்டை பேட்டரிக்கு உள்ளேயே இருக்கிறது. எதிலும் மாட்டாமல் தனியே வைத்தாலும் லெட் ஆசிட் பேட்டரி தானாக இறங்கும். இப்போது வருகிற மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரிகள் 25 டிகிரி சூட்டில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம்வரை இழக்கும். சூடு பத்து டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் மார்ச்சில் கிளம்பி செப்டம்பரில் திரும்புகிறவரும், அக்டோபரில் கிளம்பி மார்ச்சில் திரும்புகிறவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். வேலூரிலோ திருச்சியிலோ வெயிலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் மே மாத மத்தியானம் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு வலைத்தளங்களில் போட்டிருக்கும் மாதக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அவை குளிர்காலத்துக்குக் காரை மூடி வைப்பவர்களுக்கு எழுதியவை.

பேட்டரி இறங்கினால் ஏற்றிக்கொள்ளலாமே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இறங்குவதைவிட இறங்கிய நிலையிலேயே கிடப்பதுதான் கெடுதல். சார்ஜ் குறையும்போது தகடுகளின் மேல் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. பேட்டரிக் கடைக்காரர் ‘சல்ஃபேஷன் ஆகிடுச்சு சார்’ என்று சொல்வது இதைத்தான். சார்ஜ் ஏறின மாதிரி காட்டும், இரண்டாம் நாள் மறுபடி செல்ஃப் எடுக்காது.

இறங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்; ஓட்டி நிறுத்தின கையோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். 12.4-க்குக் கீழே இறங்க விடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் சல்ஃபேஷன் தொல்லை பெரிதாக வராது. கீழே நான் சொல்கிற எல்லாக் கால அளவும் இந்த 12.4-ஐ வைத்துத்தான்.

வாட்ச்மேன் கையில் சாவி

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகிவிடும் என்று பரவலாக நம்புகிறார்கள். மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் இழுப்பில் ஒரு வாரத்தில் போவது 5 ஆம்பியர்-மணி. கார் நின்றபடியே ஐடிலில் ஓடும்போது, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குள் 10 ஆம்பியர் போவதாகத் தாராளமாக வைத்தாலும் பத்து நிமிடத்தில் ஏறுவது 1.7. ஒவ்வொரு வாரமும் மூன்றுக்கு மேல் துண்டு விழுகிறது. ஸ்டார்ட் ஆவதற்கே பேட்டரி நிறைய காலியாகிவிடும் என்று சொல்வதும் சரியில்லை. 150 ஆம்பியர் இழுத்தாலும் அது இரண்டு வினாடிதான், 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. லெட் ஆசிட் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றிக்கொள்ளும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும், பத்து நிமிட ஐடிலில் அது நடக்காது. சும்மா ஸ்டார்ட் பண்ணாமல் ஏ.சி.யையும் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார் என்றால் இன்னும் கம்மி.

எஞ்சினுக்கும் இது நல்லதில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். எரியாத மிச்சம் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கும். எரிவதால் உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகிற அளவுக்குச் சூடு வருவதற்குள் அணைத்துவிடுவார்கள். அது சைலன்சருக்குள் தங்கித் துருவாகும். அடித்தளப் பார்க்கிங்கில் கதவடைத்துக் காரை ஓடவிட்டால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்க்கும்.

இதையெல்லாம் விட நடைமுறைச் சங்கடம் ஒன்று. வாட்ச்மேன் மாறுவார். ஒரு வாரம் மறப்பார். மூன்றாவது வாரம் ‘கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்துப்பா’ என்று யாராவது சொல்ல, லைசென்ஸ் இல்லாதவர் வண்டியை நகர்த்துவார். தூணில் இடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை கழுவிவிடும். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அது அவருடைய வேலையே இல்லை.

இதே யோசனையின் நல்ல வடிவம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் உள்ள, பொறுப்பான ஒருவர், மச்சானோ தம்பி மகனோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் நிஜமாகவே ஓட்டுவது. இ.சி.ஆரில் மாமல்லபுரம் வரைக்கும் போய் வந்தால் பேட்டரிக்கு மட்டுமல்ல, பிரேக் டிஸ்க்கில் பிடித்த துரு தேயும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, ஏ.சி. கம்ப்ரஸரில் ஆயில் சுற்றும். மொத்தக் காருக்கும் எது நல்லது என்று கேட்டால் ஐந்து வழிகளையும் தாண்டி இதுதான். அப்படி ஒருவர் ஆறு மாதமும் தவறாமல் செய்வாரா என்பது உங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும். அவரிடம் காரைத் தருவதாக இருந்தால் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடுவில் காலாவதி ஆகிறதா என்று பார்த்துவிட்டுத் தாருங்கள். இன்ஷூரன்ஸ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

நெகட்டிவைக் கழற்றுவது

செலவு: ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனர். நேரம்: ஐந்து நிமிடம். பலன்: முதல் ஓட்டை மொத்தமாக அடைபடுகிறது. மீதி இருப்பது பேட்டரியின் சொந்த இறக்கம் மட்டும். முழுச் சார்ஜோடு விட்டால் நம் ஊர் வெயிலிலும் மூன்று மாதத்துக்குப் பெரும்பாலும் 12.4-க்கு மேலே நிற்கும், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆறு மாதம் கழித்து வந்தாலும் பல சமயம் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் தகட்டில் படிவு கொஞ்சம் ஏறியிருக்கும்.

‘முழுச் சார்ஜோடு’ என்ற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளம்பும் முந்தின நாள் ஏர்போர்ட் வேலையாகப் பத்து இடத்துக்கு ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு டெர்மினலைக் கழற்றினால் 80 சதவீதத்தோடு பூட்டி வைத்த மாதிரிதான். இரண்டு நாள் முன்னால் பேட்டரிக் கடையில் கொடுத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். மறுநாள் காலை மீட்டரில் 12.6 காட்ட வேண்டும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். காரின் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவில் ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பேனரே பழுக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. பாசிட்டிவைத் தொடவே வேண்டாம். கழற்றிய கேபிள் ஸ்பிரிங் மாதிரி எழும்பித் திரும்பவும் போஸ்ட்டில் ஒட்டிக்கொள்ளும்; ஒரு துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் வாஸ்லின் தடவலாம்.

இதில் ஒரு சின்னப் புதிர் இருக்கிறது. நெகட்டிவைக் கழற்றின பிறகு சென்டர் லாக் வேலை செய்யாது. அதனால் மற்றக் கதவுகளை முதலில் உள்ளிருந்து பூட்டிவிட்டு, நெகட்டிவைக் கழற்றி, பானெட்டை மூடி, கடைசியில் டிரைவர் கதவைச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். ஸ்மார்ட் கீ என்றால் அதற்குள் ஒரு சாவிக் கம்பி ஒளிந்திருக்கும். வருஷக்கணக்கில் தொடாத பூட்டுத் துளை திரும்ப மறுக்கலாம். ஆகவே கிளம்பும் அன்றைக்கு இல்லாமல் ஒரு வாரம் முன்னாலேயே அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கிற, டிக்கி ஸ்விட்ச்சில் மட்டுமே திறக்கிற சில சொகுசு கார்களில் இந்த வழி வேண்டாம், திரும்பி வந்து பேட்டரியிடம் போகவே வழி இருக்காது. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில், கரண்ட் இல்லாமல் பிரேக்கை விடுவிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சாதா ஹேண்ட் பிரேக் உள்ளவர்கள் அதைப் போடாமல், முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பது நல்லது. ஆறு மாதம் இழுத்தபடி விட்டால் பின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

என்னென்ன போகும்? கடிகாரம், எஃப்.எம். ஸ்டேஷன்கள், ஒரே அழுத்தில் ஏறுகிற கண்ணாடியின் நினைவு. சில பழைய ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், அந்த எண் உள்ள அட்டை எங்கே இருக்கிறது என்று முன்பே தேடி வையுங்கள். அலாரமும் டிராக்கரும் ஓயும், பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் காருக்கு அது பெரிய இழப்பில்லை. ஃபாஸ்டேகுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை.

எலித் தொல்லை உள்ள பார்க்கிங்கில் இன்னொரு லாபம். நிற்கிற காரின் எஞ்சினுக்குள் எலி குடியேறி ஒயரைக் கடிப்பது சென்னையில் சர்வ சாதாரணம். கடித்த ஒயரில் கரண்ட் இருந்தால் ஷார்ட் ஆகிப் புகையலாம். நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒயர் மட்டும்தான் நஷ்டம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போய் வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். லாரிகளில் இருக்கிற மாதிரி ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச்சை நெகட்டிவ் போஸ்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். மலிவானதை வாங்கினால் செல்ஃப் இழுக்கும்போது அதுவே சூடாகும். கனமான பித்தளையில் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் அது.

பேட்டரியையே கழற்றி உறவினர் வீட்டில் வைப்பது இதன் அடுத்த படி. 35 ஏ.எச். என்றால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட இருக்கும், ஓர் ஆள் தூக்கலாம். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் சார்ஜ் போட்டு வைப்பார்கள் என்றால் ஒரு வருஷம் வரைக்கும் கவலையில்லை. சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பலகை போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டில்லை, வெயில்தான் பொருட்டு. நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தால் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி வைத்தால் தானாகச் சார்ஜ் ஆகுமே என்று ஒரு யோசனை வரும். வேண்டவே வேண்டாம். அது 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்கு ஏற்ற வேகத்தில் கரண்ட்டைத் தள்ளும். கரண்ட் கட் ஆனால் உங்கள் கார் பேட்டரியில் ஃபேனை ஓட்டும். கார் பேட்டரி ஒரு நொடி வேகமாகக் கொடுப்பதற்குச் செய்தது, மணிக்கணக்கில் மெல்லக் கொடுப்பதற்கு இல்லை.

ஸ்மார்ட் சார்ஜர்

தனி வீடு, கார் ஷெட்டில் பிளக் பாயின்ட், வீட்டில் ஆள். இந்த மூன்றும் இருந்தால் பேட்டரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சிடெக், நோகோ, போஷ் போன்றவர்கள் விற்கும் சார்ஜர்கள் முதலில் முழுசாக ஏற்றிவிட்டு, பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட் அளவில் மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். இல்லை, இறங்கும்போது மட்டும் விழித்து ஏற்றும். பேட்டரி எப்போதும் நிறைந்தே இருப்பதால் சல்ஃபேஷனுக்கு இடமில்லை. கடிகாரம், அலாரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை டிரிக்கிள் சார்ஜரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு நிறுத்தத் தெரியாது. மாதக்கணக்கில் விட்டால் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே வற்றடிக்கும். ஸ்மார்ட் சார்ஜரிலும் நம் ஊருக்கென்று பார்க்க வேண்டியது, சூட்டுக்குத் தக்கபடி வோல்ட்டேஜைக் குறைக்கிறதா என்பது. 25 டிகிரிக்குச் சரியான அளவு 40 டிகிரியில் அதிகம். கால் வோல்ட் அளவுக்குக் குறைத்தால்தான் பேட்டரி காயாது. அடுத்தது, கரண்ட் போய் வந்தால் தானாகத் திரும்ப ஆரம்பிக்கிறதா என்பது. சில சார்ஜர்களில் மறுபடி பட்டனை அமுக்க வேண்டும். வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிடலாம்.

அடுக்குமாடியில் இது ஒத்துவராது என்று நான் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. பார்க்கிங்கில் உள்ள பிளக் பொது மீட்டரில் ஓடும், அசோசியேஷன் கூட்டத்தில் அது தனி அஜெண்டாவாகும். அதைவிடப் பெரியது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை அடித்தளப் பார்க்கிங்குகள் முழுகின என்று பார்த்தவர்கள், ஆளில்லாத காரோடு 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டி வைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்கு ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். விலையும் சாதாரணமில்லை. நல்ல சார்ஜருக்கும் சின்னக் கார் பேட்டரிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரே ஒரு பயணத்துக்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் இரண்டு கார், ஒரு பைக் என்று நிற்பவருக்கு அது முதலீடு.

சோலார்

திறந்த வெளியில், கவர் போடாமல் நிற்கும் காருக்கு மட்டும். 5 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்று, ஒன்றேகால் ஆம்பியர்-மணி தரும். கார் இழுப்பதை ஈடுகட்ட அது போதும். டேஷ்போர்டில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் நிறையக் குறையும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற வகை வாங்கினால், சாவி அணைத்திருக்கும்போது அந்த சாக்கெட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இருக்காது, பேனல் ஆறு மாதமும் சும்மா வெயில் காயும். பெயின்ட்டைக் காப்பாற்றக் கவர் போடுவதா, பேட்டரியைக் காப்பாற்றக் கவரை எடுப்பதா என்று வந்தால் நான் கவர் பக்கம்தான்.

ஒன்றும் செய்யாமல் போவது

கேலியாகத் தோன்றினாலும் ஒரு சந்தர்ப்பத்தில் ஏறக்குறைய இதுதான் புத்திசாலித்தனம். நம் சூட்டில் கார் பேட்டரி மூன்று நாலு வருஷம் உழைத்தாலே நிறைவு. உங்களுடையது நாலு வருஷத்தைத் தாண்டிவிட்டது, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது என்றால் அதற்குச் சார்ஜர், சோலார் என்று செலவழிப்பது வீண். கிளம்பும் முன் புதுசு மாற்றுவது அதைவிட வீண். வாரண்டி வாங்கின நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும், ஆறு மாதம் நிற்கிற காரில் கழியும். நெகட்டிவை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள், வந்தபிறகு பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு மாட்டுங்கள்.

இரண்டு வருஷத்துக்குள் உள்ள பேட்டரியை இப்படி விட்டால் கை நிறையக் காசை விடுவதற்குச் சமம். மொத்தமாக இறங்கிச் செத்த பேட்டரிக்கு வாரண்டி கேட்டால், தயாரிப்பில் குறை இல்லை, சார்ஜ் போட்டுத் தருகிறோம் என்பார்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்ற தைரியமும் இனி உதவாது. ஆட்டோமேட்டிக்கும் ஏ.எம்.டி.யும் தள்ளினால் எடுக்காது. மேனுவல் கியர் என்றாலும் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது வோல்ட்டேஜ் வேண்டும்.

யாருக்கு எது

பத்து நாளுக்குள் என்றால் நல்லபடி ஓட்டி நிறுத்திவிட்டுப் போங்கள், வேறெதுவும் வேண்டாம். அதற்கு மேல் மூன்று மாதம் வரை என்றால் முழுச் சார்ஜ், நெகட்டிவ் கழற்றல். ஆறு மாதம் என்றால் அதோடு கூட, நடுவில் ஒருமுறை பேட்டரிக் கடைப் பையனை வரவழைத்துச் சார்ஜ் போட்டு மாட்டச் சொல்ல ஓர் ஆள். அந்த ஆளிடம் கார் சாவி தரும்போது எந்தக் கேபிளைத் தொட வேண்டும் என்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒரு வருஷம் என்றால் பேட்டரியைக் கழற்றி உறவினர் வீட்டில் வைப்பது, அல்லது தனி வீட்டில் ஆளோடு சார்ஜர். கப்பல்காரர்களுக்குத் திரும்பும் தேதி நிச்சயமில்லாததால் நான் ஆறு மாதத்தையே ஒரு வருஷமாக வைத்துக் கணக்குப் போடச் சொல்வேன்.

சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து எழும் ஸ்டாப்-ஸ்டார்ட் உள்ள கார்களில் அதற்கென்றே செய்த ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகை பேட்டரி இருக்கலாம், கடையில் சார்ஜ் போடும்போது அதைச் சொல்லிவிட வேண்டும், அதற்கேற்ற வோல்ட்டேஜில் போடாவிட்டால் கெடலாம். நெகட்டிவ் கிளாம்ப்பிலேயே ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருக்கும் கார்களில் அதை அடித்து நெம்பாமல் பக்குவமாகக் கழற்றுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அதிலும் கதவைத் திறக்க, கம்ப்யூட்டரை எழுப்ப ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியே உண்டு. பெரிய பேட்டரியில் பாதிச் சார்ஜ் இருந்தும் சின்னது செத்துக் கார் எழுந்திருக்காமல் போகும். சில மாடல்கள் நிற்கும்போதே பெரியதிலிருந்து சின்னதை நிரப்பிக்கொள்ளும், சில செய்யாது. அதன் கழற்றும் முறையும் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

திரும்பி வந்தபின்

மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.4-க்கு மேல் இருந்தால் நெகட்டிவை மாட்டிக் கிளம்பலாம். பேட்டரியையே வெளியே எடுத்திருந்தால் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பன்னிரண்டைச் சுற்றி நிற்கிறது என்றால் ஜம்ப் கொடுத்து ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவசரப்படாதீர்கள். இறங்கிய பேட்டரியைத் தூக்கி நிறுத்துவது ஆல்டர்னேட்டரின் வேலையில்லை, அதற்கும் சூடேறும், பேட்டரியும் அரைகுறையாகத்தான் ஏறும். கடையில் மூன்று நாலு ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெல்லப் போட்டு வாங்குங்கள். எலி எதையாவது கடித்திருக்கிறதா என்று பானெட்டைத் திறந்த கையோடு டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும்.

முதல் ஸ்டார்ட்டில் ஐடில் ஏறி இறங்கித் தடுமாறும். கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாது. ஸ்விட்ச்சைத் தூக்கிப் பிடித்து முழுசாக ஏற்றி, இரண்டு மூன்று வினாடி அப்படியே வைத்திருந்தால் பெரும்பாலான கார்களில் சரியாகிவிடும். ஐடிலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடியதும் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும்.